காலியன்டே: டீசல் எஞ்சின் கொன்ற ஊரா?

1. கேள்வி

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாசுக்கு வடகிழக்கே மலைகளுக்கு நடுவில், சுமார் 4,400 அடி உயரத்தில் காலியன்டே என்ற சிற்றூர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிசையும் சால்ட் லேக் சிட்டியையும் இணைக்கும் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் முதன்மைப் பாதை இதன் வழியாகச் செல்கிறது. மக்கள்தொகை ஆயிரத்தைச் சுற்றியே இருந்துவரும் இந்த ஊருக்குச் சமூகவியலில் ஒரு தனி இடம் உண்டு. 1951இல் ஃபிரெட் காட்ரெல் என்ற சமூகவியலாளர் எழுதிய ஒரு கட்டுரை அந்த இடத்தைத் தந்தது. ‘டீசல்மயத்தால் மரணம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ‘அமெரிக்கன் சோஷியலாஜிக்கல் ரிவ்யூ’ இதழில் அது வெளிவந்தது. நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தபோது ஒரு ரயில்வே ஊர் எப்படி நிலைகுலைந்தது என்பதை அது ஆராய்ந்தது. தொழில்நுட்ப மாற்றமும் சமூகமும் பற்றிப் பேசும் பாடங்களில் அது பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டது.

தலைப்பு கொடுத்த தீர்ப்பு எளிமையானது: கொன்றது டீசல், செத்தது ஊர். இந்தத் தீர்ப்பின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊரின் வீழ்ச்சிக்கு எஞ்சின்தான் காரணமா, எஞ்சினை முன்னிட்டு எடுக்கப்பட்ட முடிவுகள் காரணமா? ஊர் உண்மையிலேயே செத்ததா? இவற்றுக்கு விடை தேட, 1951க்கு முந்தைய அரை நூற்றாண்டையும் பிந்தைய எழுபது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2. காட்ரெல் சொன்னது

ஓஹையோ மாநிலத்தின் மயாமி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காட்ரெல், ரயில்வே தொழிலாளர் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். 1940இலேயே ரயில்வேக்காரர்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். 1951 கட்டுரையின் வாதம் இவ்வாறு போகிறது. காலியன்டே இருப்பதற்கான ஒரே காரணம் நீராவி எஞ்சினுக்குப் பணிவிடை செய்வது. தொடக்க கால பாய்லர்களின் திறன் குறைவு. ஆகவே குறுகிய தூரங்களுக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்திப் பராமரிக்க வேண்டியிருந்தது. உறுதியான உருக்கில் பாய்லர்கள் வந்ததும் எஞ்சின்கள் கூடுதல் தூரம் ஓடின. இடையிலிருந்த சிறு நிறுத்தங்கள் முதலில் மறைந்தன. காலியன்டே அந்தச் சுற்றில் தப்பியது. தப்பியதாலேயே தாங்கள் நிரந்தரம் என்று ஊர்க்காரர்கள் நம்பினார்கள். வார்ப்பிரும்புக் குழாய் பதித்துக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள், உறுதியான கட்டடங்கள் எழுப்பினார்கள், வீடு வாங்கினார்கள். ரயில்வே மருத்துவமனையும் கட்டப்பட்டது. டீசல் வந்ததும் இவை அனைத்தின் மதிப்பும் சரிந்தது.

கட்டுரையின் கூர்மை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இழந்தவர்கள் யார் என்று காட்ரெல் பட்டியல் போட்டார். வீடு கட்டியவர், கடை வைத்தவர், நகரப் பத்திரங்களில் பணம் போட்டவர், தேவாலயம் எழுப்பியவர், பல்லாண்டு பணிமூப்பு சேர்த்த தொழிலாளி ஆகியோர் மிகுதியாக இழந்தனர். வாடகை அறையில் தங்கி, எதிலும் வேர் விடாமல் இருந்தவர் மிகக் குறைவாக இழந்தார். நல்ல குடிமகன் எப்படி வாழவேண்டும் என்று அந்தச் சமூகம் சொல்லிக்கொடுத்ததோ, அப்படி வாழ்ந்தவர்கள் மீதே தண்டனை விழுந்தது. முன்னேற்றத்தின் செலவு, அதன் பயனை அடைந்தவர்களிடம் வசூலிக்கப்படவில்லை. அதுவரை தனியார் முயற்சியையும் முன்னேற்றத்தையும் போற்றிவந்த ஊர்க்காரர்கள், பணிமூப்பு விதிகளையும் வேலையாட்களின் எண்ணிக்கையைக் காக்கும் சங்க விதிகளையும் நாடத் தொடங்கினார்கள் என்றும் அவர் காட்டினார்.

ஆனால் கட்டுரை எழுதப்பட்ட காலத்தைக் கருத வேண்டும். மாற்றம் நடந்த கையோடு எழுதப்பட்டது அது. ‘மரணம்’ என்ற சொல் அங்கே கண்டறிந்து சொன்னதல்ல, முன்கூட்டிக் கணித்தது. பின்வந்த வாசகர்கள் அதைப் பிரேதப் பரிசோதனை அறிக்கை போல எடுத்துக்கொண்டார்கள்.

3. பள்ளத்தாக்கும் பாதையும்

காலியன்டே ரயில்வேயால் பிறந்தது என்பதும் முழு உண்மையல்ல. பயோச், டெலமார் முதலிய சுரங்க ஊர்களுக்கு வைக்கோல் அனுப்பும் பண்ணையாக இந்த இடம் முதலில் குடியேற்றம் கண்டது. நீரோடையும் வெந்நீர் ஊற்றும் இருந்த இடம் அது. வறண்ட நிலத்தில் தண்ணீர் உள்ள பள்ளத்தாக்கு பண்ணைக்கு எவ்வளவு தேவையோ, நீராவி ரயிலுக்கும் அவ்வளவு தேவை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பள்ளத்தாக்குக்காக இரண்டு பெரும் முதலாளிகள் மோதினார்கள். ஒருவர் மொன்டானாவின் செப்புச் சுரங்க அதிபரும் செனட் உறுப்பினருமான வில்லியம் கிளார்க். மற்றவர் யூனியன் பசிபிக்கைத் தன் பிடியில் வைத்திருந்த எட்வர்ட் ஹாரிமன். குறுகிய பள்ளத்தாக்கில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடம் போதாது. இரு தரப்பு ஆட்களும் அருகருகே மண்மேடு போட்டுக்கொண்டு முறைத்துநின்றார்கள். பண்ணைக்காரர் சார்ல்ஸ் கல்வர்வெல் துப்பாக்கியோடு குறுக்கே நின்று, தன் புல்வெளி வழியாக ஒரே ஒரு பாதைக்குத்தான் இடம் என்று சொல்லிச் சண்டையை முடித்துவைத்தார் என்கிறது நெவாடா அரசு நாட்டிய வரலாற்றுப் பலகை. ஊருக்குப் பிடித்தமான கதை இது, உள்ளூர் மனிதன் ஒருவன் இரு பெரும் நிறுவனங்களுக்கும் நிபந்தனை போட்டதாகச் சொல்கிறது அல்லவா? ஆனால் நிலையான உடன்பாடு 1902இல் கிளார்க்குக்கும் ஹாரிமனுக்கும் இடையில் ஏற்பட்டது. பாதி உரிமை ஹாரிமன் தரப்புக்குப் போனது. ‘சான் பெட்ரோ, லாஸ் ஏஞ்சலிஸ், சால்ட் லேக்’ என்ற பெயரில் பாதை 1905 ஜனவரியில் இணைந்து முழுமையானது. அதே ஆண்டு மே 15ஆம் தேதி, இதே பாதையில் தெற்கே சுமார் 125 மைல் தொலைவில் ரயில்வே நிலத்தை ஏலம் விட்டு இன்னோர் ஊரை உருவாக்கினார்கள். அதுதான் லாஸ் வேகாஸ்.

இயற்கை இந்த ஏற்பாட்டுக்கு இணங்கிக் கிடக்கவில்லை. காலியன்டேக்குக் கீழே மெடோ வேலி ஓடையின் கரையை ஒட்டிப் போடப்பட்ட தண்டவாளத்தை 1907இல் வெள்ளம் அரித்தது. 1910இன் தொடக்கத்தில் வந்த வெள்ளம் ஏறக்குறைய நூறு மைல் நீளத்துக்குப் பாதையைச் சிதைத்தது. மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. அதன் பிறகு கூடுதல் உயரத்தில் புதிய பாதை அமைத்தார்கள். அது 1912இல் முடிந்தது. ஊரைத் தோற்றுவித்த தண்ணீரே அதன் பாதையை அறுத்ததும் உண்டு என்பதையும், அப்போதெல்லாம் பணம் கொட்டி மீண்டும் கட்ட நிறுவனம் தயாராக இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஓர் இடம் தக்கவைக்கப்படுவதும் கைவிடப்படுவதும் அந்த இடத்தின் இயல்பை மட்டும் பொறுத்ததல்ல.

4. 1922: வேலைநிறுத்தம் தந்த வாழ்வு

காட்ரெலின் விளக்கத்தில் ஊரின் ஏற்றமும் இறக்கமும் பாய்லரின் வரலாற்றைப் பின்தொடர்கின்றன. அந்தச் சட்டகத்துக்குள் அடங்காத ஒரு நிகழ்ச்சி 1922இல் நடந்தது.

கிளார்க்கின் பங்கு முழுவதையும் 1921இல் யூனியன் பசிபிக் வாங்கியது. மறு ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, கூலிக் குறைப்பை எதிர்த்து அமெரிக்கா முழுவதும் ரயில்வே பணிமனைத் தொழிலாளர் சுமார் 4 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். லாஸ் வேகாஸ் பணிமனையிலும் நிறுத்தம் கடுமையாக இருந்தது. நிறுத்தம் ஓய்ந்த பின், நிறுவனம் அந்த ஊரின் பழுதுபார்க்கும் பணிமனைகளைக் காலியன்டேக்கு மாற்றியது. லாஸ் வேகாஸ் நூற்றுக்கணக்கான வேலைகளை இழந்தது. அந்த ஊருக்கு அது தண்டனை என்றே உள்ளூர் வரலாறுகள் பதிவு செய்கின்றன.

இந்த மாற்றத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. எஞ்சின் அதே எஞ்சின், பாய்லர் அதே பாய்லர். ஒரே பாதையின் இரு ஊர்களில் ஒன்றின் சோற்றை எடுத்து மற்றொன்றின் தட்டில் போட்டது, தொழிலாளரோடு கணக்குத் தீர்த்த ஒரு நிர்வாக முடிவு. காலியன்டேயின் பொற்காலம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பழைய நிலையம் எரிந்துபோன இடத்தில் 1923இல் புதிய நிலையம் எழுந்தது. ஸ்பானிய மடாலயங்களின் பாணியில், வளைவுத் தாழ்வாரங்களோடு, தங்கும் அறைகளும் உணவகமும் சேர்ந்த இரண்டு மாடிக் கட்டடம். வடிவமைத்தவர்கள் ஜான் பார்க்கின்சனும் டொனால்ட் பார்க்கின்சனும். பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ் யூனியன் நிலையத்தை வடிவமைத்த அதே தந்தையும் மகனும்தான். சில நூறு குடும்பங்கள் வாழும் ஊருக்கு அத்தகைய நிலையம் கிடைத்தபோது, ‘நாம் நிரந்தரம்’ என்று ஊர் நினைத்ததைப் பேதைமை என்று சொல்ல முடியாது. நிறுவனமே அப்படி நினைக்கவைத்தது.

ஆகவே 1940களின் முடிவில் நடந்ததை மட்டும் எஞ்சினின் செயல் என்று படிப்பது பொருந்தவில்லை. காலியன்டே பெற்றதும் இழந்ததும் ஒரே மேசையில் முடிவானவை. பெற்றபோது எஞ்சினுக்கு அதில் பங்கே இல்லை.

5. நீராவி கேட்டதும் டீசல் கேட்காததும்

எஞ்சினின் பங்கைக் குறைத்துச் சொல்வதும் தவறாகும். நீராவி எஞ்சின் ஓர் ஊரிடம் என்னென்ன கேட்டது என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால் காட்ரெலின் வாதத்தின் வலு புரியும்.

ரயில் வந்து நின்றதும் எஞ்சினைக் கழற்றி லோகோ ஷெட்டுக்குக் கொண்டுபோவார்கள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து, எஞ்சினோடு இணைந்த டெண்டர் வண்டியை நிரப்ப வேண்டும், எரிபொருள் ஏற்ற வேண்டும், சக்கரம் வழுக்காமல் இருக்க மணல் போட வேண்டும், தேயும் இணைப்புகளுக்கெல்லாம் எண்ணெயும் கிரீசும் இட வேண்டும். பாலைவனத் தண்ணீரில் உப்பு அதிகம். கொதிக்கக் கொதிக்க அது பாய்லரின் உட்சுவரிலும் குழாய்களிலும் காறையாகப் படியும். காறை தடித்தால் எரிபொருள் வீணாகும், தகடு சூடேறிப் பலவீனமாகும், முற்றினால் வெடிக்கவும் செய்யும். எனவே 1911ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தையொட்டி வந்த விதிகள், மாதத்துக்கு ஒருமுறையேனும் பாய்லரைக் கழுவியே தீர வேண்டும் என்றன. தண்ணீர் மோசமான இடங்களில் இன்னும் அடிக்கடி கழுவினார்கள். தீயை அணைத்து, பாய்லரை ஆறவிட்டு, அடைப்புகளைத் திறந்து, நீரைப் பீய்ச்சிக் கழுவி, மறுபடி தீமூட்டி அழுத்தம் ஏற்றுவது பல மணிநேர வேலை. இதற்கு பாய்லர் வேலைக்காரர், பொருத்துநர், கொல்லர், குழாய்க்காரர், உதவியாளர் என்று பல தொழில்கள் வேண்டும். போதாக்குறைக்கு, காலியன்டேயிலிருந்து கிழக்கே கிரெஸ்ட்லைன் வரை கடும் ஏற்றம். ரயிலைத் தள்ளிவிடத் துணை எஞ்சின்களும் அவற்றுக்கான ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

டீசல் இந்தப் பட்டியலின் பெரும்பகுதியை ஒரே வீச்சில் அடித்துவிட்டது. 1939-40இல் ஜெனரல் மோட்டார்சின் துணை நிறுவனமான எலெக்ட்ரோ-மோட்டிவ் ‘எஃப்டி’ என்ற சரக்கு டீசல் எஞ்சினின் மாதிரியை நாடு முழுவதும் ஓட்டிக் காட்டியது. நான்கு பகுதிகள் சேர்ந்த, 5,400 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின், 11 மாதங்களில் 20 ரயில்வேக்களில் 83,764 மைல் ஓடியது. நான்கு பகுதிகளையும் ஒரே குழு ஓட்ட முடிந்தது, தேவைக்கேற்பப் பகுதிகளைக் கூட்டலாம் குறைக்கலாம். இறக்கத்தில் மின்மோட்டார்களையே வேகத்தடையாகப் பயன்படுத்தும் வசதியும் இருந்தது. தண்ணீர் கெட்டுக்கிடக்கும் பாலைவனப் பாதைக்கு, பாய்லரை நம்பாத இந்த எஞ்சின் வரமாக வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டீசல் எஞ்சின் உற்பத்தியை அரசு கட்டுப்படுத்தியதால் மாற்றம் சில ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. இடைப்பட்ட காலத்தில் போர்ச் சரக்கும் படைவீரர் ரயில்களும் நீராவி ஊர்களில் அலைமோதின. வேலை பெருகி, கூலி புரண்ட அந்த உச்சத்திலிருந்து வீழ்ந்ததால்தான் அடி பலமாகப் பட்டது.

ஆகவே தொழில்நுட்பம் ஒன்றை உறுதியாகத் தீர்மானித்தது. காலியன்டேயின் லோகோ ஷெட்டுக்கும் பாய்லர் தொழிலுக்கும் எதிர்காலம் இல்லை. யார் நிர்வாகம் செய்தாலும் இது மாறியிருக்காது. ஆனால் ஷெட் மூடுவதும் ஊர் மூடுவதும் ஒன்றா?

6. நூறு மைல் கணக்கு

ரயில்வே ஊரை உண்டாக்கியவை இரண்டு மாற்றங்கள்: எஞ்சின் மாறும் இடம், ஆட்கள் மாறும் இடம். நீராவிக் காலத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஊரில் நடந்ததால் அவை ஒன்றெனத் தோன்றின. உண்மையில் இவற்றை வேறுவேறு விதிகள் ஆண்டன.

சரக்கு ரயில் ஓட்டும் குழுவுக்கு 100 மைல் ஓட்டம் ஒரு நாள் கூலி என்பது சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்த விதி. நீராவிச் சரக்கு ரயிலின் சராசரி வேகத்தில், எட்டு மணிநேரம் ஓடினால் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான் போக முடியும். எனவே நூறு, நூற்றிருபது மைலுக்கு ஒருமுறை ஓட்டுநரும் ஃபயர்மேனும் கார்டும் இறங்கி வேறு குழு ஏறியது. லாஸ் வேகாசுக்கும் யூட்டா மாநிலத்தின் மில்ஃபோர்டுக்கும் ஏறக்குறைய நடுவில் காலியன்டே அமைந்தது இந்தக் கணக்குக்கும் பொருந்தியது. டீசல் ரயில் வேகமாக ஓடியது, இடையில் நிற்கவில்லை. எனவே லாஸ் வேகாசிலிருந்து மில்ஃபோர்டு வரை சுமார் 240 மைலையும் ஒரே குழு ஓட்டிச்செல்ல முடிந்தது. 1940களின் கடைசியில், எஞ்சினும் ஆட்களும் மாறும் பிரிவு நிலையம் லாஸ் வேகாசுக்கு மாற்றப்பட்டது. 1922இல் லாஸ் வேகாசை விட்டுப் போனது அங்கே திரும்பி வந்தது.

ஆனால் நூறு மைல் விதி டீசலோடு சாகவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தேசிய அளவில் அது 1985 ஒப்பந்தத்தில்தான் படிப்படியாக 108 மைலாக உயர்த்தப்பட ஒத்துக்கொள்ளப்பட்டது. 1990களில் அது 130 மைலானது. அமெரிக்காவின் எத்தனையோ ரயில்வே ஊர்கள், லோகோ ஷெட் இடிக்கப்பட்ட பிறகும் ஆள் மாறும் ஊர்களாகப் பல பத்தாண்டுகள் பிழைத்தன. காலியன்டேக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. நீண்ட ஓட்டத்தால் ஓடும் குழுவினருக்குக் கூடுதல் மைல் கூலி கிடைத்தது. நிறுவனத்துக்கு நேரம் மிச்சமானது. இரு தரப்புக்கும் லாபமான அந்த ஏற்பாட்டில் ஊர் ஒரு தரப்பாகவே இல்லை.

7. இழப்பை யார் தலையில் கட்டுவது?

எஞ்சின் மாறுவது தவிர்க்க முடியாதது என்றே வைத்துக்கொண்டாலும், அதன் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதை எஞ்சின் தீர்மானிக்காது. சட்டமும் ஒப்பந்தமும் தீர்மானிக்கும். அக்காலச் சட்டங்களைப் பார்த்தால் காலியன்டே எந்தப் பாதுகாப்புக்குள்ளும் வராமல் விழுந்த இடம் தெரிகிறது.

முதலாவது, 1920ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம். ஒரு ரயில்பாதையைக் கைவிட வேண்டுமானால் மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையத்தின் அனுமதி தேவை என்றது. பாதையைக் கைவிடாமல், எஞ்சினும் ஆட்களும் மாறும் இடத்தை மட்டும் மாற்ற அந்த அனுமதி தேவைப்படவில்லை. ரயில் தொடர்ந்து ஓடியதால், சட்டத்தின் கண்ணில் காலியன்டே எதையும் இழக்கவில்லை.

இரண்டாவது, 1936ஆம் ஆண்டின் வாஷிங்டன் வேலைப் பாதுகாப்பு ஒப்பந்தம். ரயில்வே நிறுவனங்கள் தம் வசதிகளை ஒன்றிணைக்கும்போது வேலை இழப்பவர்களுக்கு, பணிக்காலத்தைப் பொறுத்து 5 ஆண்டுகள் வரை கூலியில் 60 விழுக்காடு உதவித்தொகை தர அது வகை செய்தது. அக்கால அளவில் இது முன்மாதிரியான ஏற்பாடு. ஆனால் இரண்டு அல்லது மேற்பட்ட நிறுவனங்கள் இணைந்து செய்யும் மாற்றங்களுக்கே அது பொருந்தும். ஒரே நிறுவனம் தன் எஞ்சினை மாற்றினால் பொருந்தாது.

மூன்றாவது, பணிமூப்பு. அது தொழில்வாரியாகவும் இடவாரியாகவும் கணக்கிடப்பட்டது. இருபது ஆண்டு மூப்புள்ள பாய்லர் வேலைக்காரர் வேறு ஊருக்குப் போனால் அங்கே பட்டியலின் அடியில் நிற்க வேண்டும். அதுவும் அங்கே பாய்லர் இருந்தால்தான். பட்டியலின் உச்சியில் இருந்தவர் முதலில் தப்பலாம் என்ற விதி, தொழிலே மறையும்போது பயனற்றுப்போகிறது.

வேறு விதமாக நடந்திருக்க முடியுமா? முடிந்த ஓர் இடம் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் ஆண்டர்சன் கவுண்டியில் உள்ள பாலஸ்டீன் ஊர், ரயில்வே வந்தபோதே 1872இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டது: கடன்பத்திர உதவிக்கு ஈடாக நிறுவனத்தின் தலைமை அலுவலகமும் பணிமனைகளும் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். டெக்சாஸ் மாநிலம் 1889இல் இத்தகைய உடன்பாடுகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. இன்டர்நேஷனல் அண்ட் கிரேட் நார்தர்ன் நிறுவனம் இடம் மாற முயன்றபோது வழக்கு நடந்தது. 1918இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. அந்த உடன்பாடு ரயில்வேயின் செலவைக் கூட்டியது, நிர்வாகத்தைக் கட்டிப்போட்டது என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. பயனற்ற பணிமனையை என்றென்றும் நடத்தச் சொல்வது நியாயமும் அல்ல. ஆனால் அந்த ஊரை விட்டுப்போக வேண்டுமானால், முதலில் அதனோடு பேச வேண்டியிருந்தது. காலியன்டேயின் கையில் அப்படி ஒரு தாள் இல்லை. அதனிடம் இருந்தது அழகான நிலையக் கட்டடமும் அது ஊட்டிய நம்பிக்கையும்தான்.

8. சாகாத ஊர்

இனி தீர்ப்பின் இரண்டாம் பாதி. 1950 கணக்கெடுப்பில் காலியன்டேயின் மக்கள்தொகை 970. 1960இல் 792. பத்தாண்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிவு. ஆனால் 1970இல் 916, 1990இல் 1,111, 2000இல் 1,123, 2010இல் 1,130. 2020இல் மறுபடி குறைந்து 990. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் 1950இல் இருந்த அளவைவிடச் சற்றே பெரியது. இதே காலத்தில் நெவாடாவில் எத்தனையோ சுரங்க ஊர்கள் பெயரளவில் மட்டும் எஞ்சின.

இந்த எண்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. முதலாவதாக, 1950களின் சரிவு முழுவதையும் டீசல் கணக்கில் எழுத முடியாது. பயோச் பகுதியின் ஈய, துத்தநாகச் சுரங்கங்கள் காலியன்டேயிலிருந்து பிரிந்து சென்ற கிளைப்பாதைக்குச் சரக்குக் கொடுத்துவந்தன. உலோக விலை வீழ்ந்து 1950களின் பிற்பாதியில் அவை நின்றுபோயின. இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழுந்த இடத்தில், எந்த அடிக்கு எவ்வளவு காயம் என்று பிரிப்பது கடினம். இரண்டாவதாக, 1962இல் மாநில அரசு காலியன்டேயில் சிறுமியர் சீர்திருத்தப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. பின்னாளில் அது இருபாலருக்குமான இளையோர் மையமாயிற்று. இத்தகைய நிறுவனங்களில் தங்கவைக்கப்பட்டவர்களையும் அமெரிக்கக் கணக்கெடுப்பு அந்த ஊரின் மக்களாகவே எண்ணும். ஆகவே 1970இன் உயர்வில் ஒரு பகுதி, தம் விருப்பமின்றி அங்கே கொண்டுவரப்பட்ட சிறார்களின் தலைக்கணக்காகவும் இருக்கக்கூடும்.

இந்தத் திருத்தங்களுக்குப் பிறகும் ஒன்று நிற்கிறது. ஊரைத் தாங்கிப்பிடித்தவை பெரும்பாலும் பொதுப்பணத்தில் நடப்பவை: மாநில மையம், பள்ளி, நெடுஞ்சாலை, உள்ளாட்சி. காட்ரெல் காலத்தில் ஊர்க்காரர்கள் வேறு தொழிற்சாலை எதையாவது ஈர்க்கப் பாடுபட்டார்கள். பாலைவன நடுவில், சந்தைக்குத் தொலைவில், எந்த முதலாளியும் வரவில்லை. சந்தை கைவிட்ட இடத்தில் வரிப்பணம் வந்தது. 1923இன் நிலையக் கட்டடமே நகராட்சி அலுவலகமும் நூலகமும் ஆனது. ரயில் பயணிகள் சேவையும்கூட ஆம்ட்ராக் என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் ‘டெசர்ட் விண்ட்’ ரயிலாகத்தான் பின்னாளில் ஓடி, 1997இல் நின்றது.

லாஸ் வேகாசோடு ஒப்பிட்டாலும் இதே பாடம்தான். 1922இல் பணிமனைகளை இழந்த அந்த ஊர் சாகவில்லை. 1931இல் சூதாட்டத்தை அனுமதித்த சட்டம், அதே ஆண்டு தொடங்கிய ஹூவர் அணை, போர்க்காலத்தில் படைத்தளமும் மக்னீசியத் தொழிற்சாலையும் என்று வரிசையாக வந்தன. அவற்றில் பெரும்பாலானவை மத்திய அரசின் பணம். 1940இல் 8,422 பேர் இருந்த ஊரில் 1950இல் 24,624 பேர். பிரிவு நிலையம் அங்கே திரும்பி வந்ததால் வந்த வளர்ச்சி அல்ல இது. ரயில்வே கொடுத்தது, ரயில்வே எடுத்தது என்ற ஒற்றைக் கணக்கு இரண்டு ஊர்களுக்குமே பொருந்தவில்லை.

9. எஞ்சும் கேள்வி

காலியன்டேயின் பெயர் 21ஆம் நூற்றாண்டில் மீண்டும் ஒருமுறை நாடறிய அடிபட்டது. நெவாடாவின் யக்கா மலையில் அணுக்கழிவைப் புதைக்கும் திட்டத்துக்காக, காலியன்டே அருகிலிருந்து 300 மைலுக்கு மேல் புதிய ரயில்பாதை போடும் வழியை மத்திய எரிசக்தித் துறை 2004இல் தேர்ந்தெடுத்தது. ஊரில் சிலர் அதை வேலைவாய்ப்பாகப் பார்த்தார்கள். மாநில அரசும் பண்ணைக்காரர் பலரும் எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் நிதி நிறுத்தப்பட்டுத் திட்டம் முடங்கியது. ரயில்வேயால் அடிபட்ட ஊரில் ரயில்வே வேலைக்கான ஏக்கம் எஞ்சியிருந்ததில் வியப்பில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. இம்முறை பொது விசாரணைகள் நடந்தன, பாதிப்பு அறிக்கைகள் வந்தன, ஊர் தன் கருத்தைப் பதிவுசெய்ய முடிந்தது. 1940களில் இவை எதுவும் இருக்கவில்லை.

ஆய்வின் முடிவைத் தொகுத்துச் சொன்னால் இப்படி வரும். டீசல் எஞ்சின் ஒரு தொழிலை ஒழித்தது, அதில் ஐயமில்லை. அந்த ஒழிவை ஓர் ஊரின் இழப்பாக மாற்றியவை நிர்வாக முடிவும், மைல் கூலி ஒப்பந்தமும், ஊருக்கு எந்த உரிமையும் வைக்காத சட்டமும். ஊர் சாகாமல் தடுத்தது பொதுப்பணம். காட்ரெலின் தலைப்பு டீசலைத் தவிர மற்ற அனைத்தையும் மறைத்துவிட்டது என்றாலும், கட்டுரையின் உள்ளே அவர் போட்ட இழப்புக் கணக்கு இன்றும் செல்லும். ‘மரணம்’ என்ற சொல்லின் குறை இதுதான்: மரணத்துக்கு இரங்கலாம், ஈடு கேட்க முடியாது. காலியன்டேக்காரர்கள் இழந்தவை வீட்டின் மதிப்பு, பணிமூப்பு, சேமிப்பு, கட்டிய வரி என்று தொகை போட்டு எழுதக்கூடியவை. டீசலால் மிச்சமான தொகையும் நிறுவனத்தின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு போக வேண்டும் என்ற பேச்சு, பாலஸ்டீன் போல ரயில் வரும் நாளிலேயே நடந்திருக்க வேண்டும். எஞ்சினைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்கும் ஊர், ஏற்கெனவே தாமதித்துவிட்டது.